பழப்புளி படாத தகடு

இந்தப் பூமியைத் தாங்கி நிற்பது ஆதிசேடனின் தலையும் அல்ல, விஞ்ஞானிகள் சொல்லும் ஈர்ப்பு விசையும் அல்ல. பூச்சுதான். சுவருக்குச் சுண்ணாம்பு, பித்தளைச் சட்டிக்கு ஈயம், மணப்பெண்ணுக்குப் பவுடர், சங்கத் தலைவருக்குப் பொன்னாடை. இவற்றைச் சுரண்டிப் பார்க்க வேண்டும் என்று யாரும் நினைக்காத காரணத்தால்தான் நாகரிகம் என்ற ஒன்று இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இந்த மகத்தான உண்மையை ஏற்க மறுத்து, சுரண்டிப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்த ஒரு பெண் 2013இல் பாரிஸ் மாநகரத்தில் இருந்தாள். அவள் பெயர் தாட்சாயினி. அவள் எவ்வாறு திருந்தினாள் என்பதே இந்த வரலாறு.

தாட்சாயினி பொறியியலாளர். நகரை ஒட்டிய ஒபர்வில்லியேயில், கைப்பைகளை மொத்தமாக விற்கும் கிட்டங்கி ஒன்றின் பின்கட்டில் இயங்கிய சிறு நிறுவனத்தில் அவளுக்கு வேலை. நிறுவனத்தின் பெயரை மரியாதை கருதித் தவிர்ப்போம். "நாளைய உலகம் எங்களுடையது" என்று வாசலில் எழுதியிருந்தார்கள். இன்றைய உலகம் யாருடையது என்பதுபற்றி அங்கே தகவல் இல்லை.

அவர்கள் செய்தது எரிபொருட் கலம். ஐதரசனையும் காற்றையும் உள்ளே விட்டால் மின்சாரமும் கொஞ்சம் தண்ணீரும் வெளியே வரும். புகை கிடையாது, இரைச்சல் கிடையாது. அதைக்கொண்டு ஒரு சின்ன பஸ்ஸை ஓட்டிக் காட்டப்போவதாக நிறுவனம் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தது. கலத்துக்குள் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். இரும்பென்றால் பாரம், அலுமினியம் என்றால் இலேசு. ஆனால் கலத்தின் உள்ளே சூடு, ஈரம், அமிலப் புளிப்பு மூன்றும் உண்டு; வெறும் அலுமினியம் அங்கே பிழைக்காது. ஆகவே அதன்மேல் தைத்தேனியம் என்ற உலோகத்தில் செய்த ஒரு பொன்னிறப் பூச்சு. அந்தப் பூச்சில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் போதும், புளிப்பு அதன் வழியே இறங்கி அடியில் இருக்கும் அலுமினியத்தைத் தின்னும். பிறகு கலம் படுத்துவிடும்.

துளை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் தாட்சாயினியின் வேலை. தகட்டை இளஞ்சூடான அமிலத்தில் தோய்த்து வைப்பாள், மின்சாரம் பாய்ச்சுவாள், வெளியே எடுத்துப் பூதக்கண்ணாடியால் பார்ப்பாள். கோடை முழுவதும் பார்த்தாள். ஒவ்வொரு தகடும் அம்மை போட்ட முகம் மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தது.

இதை அவள் பணிப்பாளர் ஜெர்மேன் அம்மையாரிடம் சொன்னாள். ஜெர்மேன் அம்மையார் கேட்கும் கலையில் தேர்ந்தவர். எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண் இமைக்காமல் கேட்பார்; பிறகு தான் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்ததைச் சொல்வார்.

"உங்கள் சோதனையில் பெரிய குறை ஒன்று இருக்கிறது, தாட்சாயினி," என்றார்.

"என்ன குறை, மதாம்?"

"அது தோல்விகளை மட்டுமே கண்டுபிடிக்கிறது."

அன்றே "சீர்திருத்த நடவடிக்கைகள்" தொடங்கின. "துளை" என்ற சொல் அலுவலகத்தில் தடைசெய்யப்பட்டு, "சுவாசப் புள்ளி" என்பது நடைமுறைக்கு வந்தது. "அரிப்பு" இனிமேல் "மேற்பரப்பின் சுறுசுறுப்பு" என்று வழங்கலாயிற்று. அமிலம் மிகவும் எதிர்மறையாக நடந்துகொள்கிறது என்று ஒரு கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானித்து அதில் தண்ணீர் சேர்த்தார்கள். அடுத்த கூட்டத்தில் இன்னும் கொஞ்சம். கடைசியில் அது கலியாண வீட்டில் கடைசிப் பந்திக்கு வந்த ரசம் போலாகிவிட்டது. அப்படியும் தகடு பொரிந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தையே நிமிர்த்திக் கொடுத்தும் ஆட்டம் வரவில்லை.

ஆனால் பஸ் ஓட வேண்டும். பஸ் ஓடுவதற்கு, "தகடு தேறியது" என்ற அறிக்கையில் சோதித்தவர் கையெழுத்து வைக்க வேண்டும். சோதித்தவள் தாட்சாயினி. வேறு யார் வைத்தாலும் அந்தக் கையெழுத்து செல்லாது.

அவளுடைய தற்காலிக ஒப்பந்தமோ அந்த வருடக் கடைசியோடு முடிகிறது. கையெழுத்து வைத்தால் செ.டே.இ. கிடைக்கும் என்பதை ஜெர்மேன் அம்மையார் வாயால் சொல்லாமல் புன்னகையால் சொன்னார். செ.டே.இ. என்பது நிரந்தர வேலைக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த சுருக்கப் பெயர். பாரிஸ் தமிழர்களின் கடைத்தெருவான லா சப்பலில் அதற்குள்ள மதிப்பு பட்டத்துக்கும் இல்லை, பவுணுக்கும் இல்லை. அது இருந்தால் வங்கி எழுந்து நிற்கும், வீட்டுக்காரன் கதவைத் திறப்பான். தாட்சாயினியும் தாய் கோசலையும் பியர்ஃபித்தில் ஒற்றை அறை வீடொன்றில் இருந்தார்கள். அதன் வடக்குச் சுவர் மழை பெய்தால் வேர்க்கும். ஒவ்வொரு மாரிக்கும் கோசலை அதற்குப் பெயின்ற் அடிப்பாள், அது ஒவ்வொரு மாரிக்கும் உரிந்து விழும். இருமிக்கொண்டே, "உனக்கொரு செ.டே.இ. வந்தா சுவர் காய்ஞ்ச வீடொண்டுக்குப் போயிடலாம் பிள்ளை," என்பாள்.

இந்த நிலைமையில்தான் "ஐரோப்பியத் தமிழ் அறிவியல் மேம்பாட்டு ஒன்றியம் (லா சப்பல் கிளை)" தன் வாணி விழாவை அறிவித்தது. ஒன்றியத்துக்கு வேறு கிளை இல்லாதபடியால் இதுவே தலைமையகமும் ஆகும். தலைவர் இராஜதுரை ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் வடக்கு முனையில் அரிசியும் பிறஷர் குக்கரும் விற்றுக்கொண்டே அறிவியலை மேம்படுத்தி வந்தார். அவருடைய சேவையைப் பாராட்டி ஒன்றியம் அவருக்குப் பல தடவைகள் பொன்னாடை போர்த்தியிருந்தது. ஆடைகளை அவரே தம் கடையிலிருந்து நன்கொடையாக வழங்கினார். மகளிர் அணித் தலைவி கோசலை.

இராஜதுரை தாட்சாயினியைக் கடைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சரசுவதிக்கு முன்னாலை புத்தகம் வைக்கிறம், வயலின் வைக்கிறம், மிருதங்கம் வைக்கிறம். விஞ்ஞானம் மட்டும் இன்னும் வைச்சதில்லை. இந்த முறை நீ ஒரு விஞ்ஞானத்தைக் கொண்டு வா, பிள்ளை."

"அதிலை அமிலம் இருக்கும், அங்கிள்."

"அமிலம் இல்லாத விஞ்ஞானமாக் கொண்டு வா."

அப்படி ஒன்று இருக்கவே செய்தது. நிறுவனத்தின் வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், நீல வெல்வெட்டின்மேல் ஒரு தகடு கிடந்தது. நிதி வழங்குவோருக்குக் காட்டுவதற்கென்று வைத்திருந்த தகடு. அமிலத்தை அது கண்ணாலும் கண்டதில்லை. இதையும் ஒருதரம் சோதிக்கலாமே என்று தாட்சாயினி முன்பு கேட்டபோது, அழகான பொருளைச் சந்தேகிப்பது நாகரிகம் அல்ல என்று ஜெர்மேன் அம்மையார் சொல்லிவிட்டார். இப்போது விழாவுக்கு இரவல் கேட்டதும் மகிழ்ச்சியோடு கொடுத்தார். நிறுவனத்தின் விளம்பரப் புத்தகத்தில் "எங்கள் அயல் சமூகங்களோடு" என்ற பக்கம் படம் இல்லாமல் வெறுமையாக இருந்ததாம். ஒரே நிபந்தனை: திங்கட்கிழமை நிதி வழங்குவோர் வருகிறார்கள், தகடு அதற்குமுன் பெட்டிக்குத் திரும்பிவிட வேண்டும்.

சனிக்கிழமை காலை தாட்சாயினி தகட்டைத் தாயிடம் கொடுத்தாள். கவனம் அம்மா, இது சாதாரணப் பொருள் அல்ல என்று சொல்லிவிட்டு, பூ வாங்கப் போனாள். பிழை அந்த "கவனம்" என்ற இடத்தில்தான் நடந்தது. பிரெஞ்சுக்காரரிடம் கவனம் என்றால் தொடமாட்டார்கள். கோசலையிடம் கவனம் என்றால் நன்றாகக் கழுவ வேண்டும் என்று பொருள். கழுவாத பொருளை எந்த வீட்டில் சரசுவதிக்கு முன்னால் வைத்தார்கள்? விழா மண்டபத்துக் குசினித் தொட்டியில் குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம் எல்லாம் பழப்புளியும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. தகடு மஞ்சளாக இருந்தது. மஞ்சளாக இருப்பது பித்தளை, பித்தளைக்கு வேண்டியது புளி. இதில் எந்த விஞ்ஞானி என்ன பிழை காண முடியும்? மகள் விசேடமாகச் சொன்னதால் கோசலை அதை விளக்குகளைவிட அதிக நேரம் ஊறவிட்டாள். பிறகு மற்றப் பெண்களிடம் கொடுக்காமல் தேங்காய்ப் பொச்சுமட்டையை எடுத்துத் தன் கையாலேயே தேய்த்தாள்.

தாட்சாயினி பூவோடு திரும்பி வந்தபோது, பளபளக்கும் குத்துவிளக்குகளின் நடுவே ஒரு வெள்ளைத் தகடு சாய்த்து வைக்கப்பட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. அதில் ஆங்காங்கே சின்னக் குழிகள்.

"உன்ரை தகடுதான், பிள்ளை," என்றாள் கோசலை. "சரியான ஊத்தை. மஞ்சளாப் பிடிச்சுக் கிடந்தது. விளக்கெல்லாம் தேய்க்கத் தேய்க்க மஞ்சளாகுது, இது மட்டும் தேய்க்கத் தேய்க்க வெள்ளையாகுது. எண்டாலும் நான் விடேல்லை."

தாட்சாயினிக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. குசினியில் ஏற்கெனவே அவ்வளவு கரைத்து வைத்திருக்கையில் அது வேறு. பிறகு தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பூச்சு செதில் செதிலாகப் பொச்சுமட்டையோடு போயிருந்தது. கோடை முழுவதும் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டியும் ஒருவரும் பார்க்க மறுத்தது, இப்போது கண்ணாடி போடாமலே தெரிந்தது. நிறுவனத்தின் ஆகச் சிறந்த தகடு, சோதிக்கவே கூடாத தகடு, புளித் தண்ணீருக்குத் தாங்கவில்லை. இனி யார் மறுக்க முடியும்? பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்கு மனம் விட்டுச் சிரிப்பு வந்தது.

கோசலைக்கு மகள் சிரிப்பது பயத்தைக் கொடுத்தது. "நான் ஏதும் பிழை விட்டிட்டனோ?"

"இல்லை அம்மா," என்று தாயின் ஈரக் கையைப் பிடித்தாள் தாட்சாயினி. "உங்கடை பிழை இல்லை. தகடுதான் பிழை."

அன்று மாலை விழா இனிதே நடந்தது. தகட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து வீணைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். பொன்னிறத் தகடு என்று உரை எழுதி வைத்திருந்த இராஜதுரை, வெள்ளைத் தகட்டைக் கண்டு கலங்காமல், "இந்த வெள்ளித் தகடானது எமது இனத்தைப் போல் எந்த அமிலத்திலும் கரையாதது" என்று முழங்கினார். கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் பிடித்தது. தாட்சாயினிக்கு "பசுமை விஞ்ஞானச் சுடர்" என்ற பட்டம் வழங்கப்பட்டது.

திங்கட்கிழமை காலை, அந்தத் தகட்டை அவள் குங்குமத்தோடு ஜெர்மேன் அம்மையாரின் மேசையில் வைத்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அம்மையார் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது, பிறகு மெல்ல மெல்ல ஒரு ஒளி பரவியது. ஞானம் பிறக்கும் தருணத்தை நேரில் பார்க்கும் பாக்கியம் தாட்சாயினிக்குக் கிடைத்தது.

"ஆகவே காரணம் புளி," என்றார்.

"காரணம் துளை, மதாம். புளி அதைக் காட்டியது, அவ்வளவுதான்."

"மத்தியானம் நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள், தாட்சாயினி?"

"சோறும் கறியும்."

"கறியில் இந்தப் புளி இருக்குமா?"

"சில நாட்களில் இருக்கும்."

"கோடை முழுவதும் அந்தக் கையாலா தகடுகளைத் தொட்டீர்கள்?" என்று கேட்டபோது அம்மையாரின் குரல் இரக்கத்தால் கனிந்திருந்தது. கையுறை போட்டுத்தான் தொட்டேன் என்று தாட்சாயினி சொன்னாள். உங்கள்மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை, இது ஒரு பண்பாடு, நாங்கள் மதிக்கிறோம் என்று அம்மையார் பதிலளித்தார்.

நிதி வழங்குவோரின் வருகை சில நாட்களுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. உயர்மட்டக் குழுவொன்று கூடி விரைவாக ஆராய்ந்தது. குழுவில் புளியைக் கண்ணால் கண்டவர் எவரும் இல்லாதபடியால் பக்கச்சார்புக்கு இடமிருக்கவில்லை. முடிவு வருமாறு: தகடுகள் சிறப்பானவை, சோதனைகளில் காணப்பட்ட சுவாசப் புள்ளிகள் யாவும் "வெளியிலிருந்து வந்த பண்பாட்டுப் புளிப்பின்" விளைவு, இனிமேல் பாவனைக் கையேட்டில் "இத்தகட்டைப் புளியினால் கழுவலாகாது" என்று ஒரு வரி சேர்க்கப்படும். அதோடு குறை நிவர்த்தியாயிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நம் முன்னோர் சொன்னது இந்த ஆய்வுமுறையைத்தான் போலும்.

அறிக்கை தாட்சாயினியின் முன் வைக்கப்பட்டது. பக்கத்திலேயே செ.டே.இ. ஒப்பந்தம்.

"கலத்துக்குள்ளே எப்போதும் புளிப்பு இருக்கிறது, மதாம்," என்றாள் அவள். "யாரும் கழுவத் தேவையில்லை. அது தானாகவே அரிக்கும். பஸ் நடுவழியில் நிற்கும்."

"அதற்கு இன்னும் ஆதாரம் தேவை. புளிக்கு ஆதாரம் இருக்கிறது. உங்கள் அம்மா."

இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்கச் சொன்னார்கள். வெளியே மழை. வீட்டில் வடக்குச் சுவர் வேர்த்திருந்தது. கோசலை துணியால் துடைத்துக்கொண்டும் இருமிக்கொண்டும் நின்றாள். வேலையில் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். நல்ல செய்தி வரும் போலிருக்கிறது என்று தாட்சாயினி சொன்னாள். கோசலை துணியைப் போட்டுவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள். பழப்புளியில் மினுக்கிய விளக்கு. அதைப் பார்க்கத் தாட்சாயினிக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. ஆனால் மறுநாள் கையெழுத்து வைத்தாள். பேனை வழுக்கிக்கொண்டு போனது. பழகாத கை என்று யாரும் சொல்ல முடியாது.

செய்தி லா சப்பலுக்கு எட்டியதும் ஒன்றியம் அவசரப் பொதுக்கூட்டம் கூட்டியது. பிரெஞ்சு விஞ்ஞானக் கையேடு ஒன்றில் பழப்புளி இடம்பெறுவது இதுவே முதல்முறை என்று இராஜதுரை நாத்தழுதழுக்க அறிவித்தார். கழுவக் கூடாது என்றல்லவா போட்டிருக்கிறது என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டதற்கு, "எப்பிடிப் போட்டாலென்ன, போட்டிட்டாங்களே," என்று பதில் வந்தது. கோசலைக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அவள் அதைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த வரியை யாரோ அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தார்கள்.

தாயும் மகளும் சுவர் காய்ந்த வீட்டுக்குக் குடிபோனார்கள். இருமல் குறைந்தது. வசந்தத்தில் பஸ் தயாராயிற்று.

வெள்ளோட்டத்துக்கு நிறுவனம் "அயல் சமூகங்களை" அழைத்திருந்தது. ஒன்றியத்தின் செயற்குழு முழுவதும் பட்டு வேட்டி சேலையில் வந்து ஏறியது. முன் இருக்கையில் ஜெர்மேன் அம்மையாரும் இராஜதுரையும், பின்னால் தாட்சாயினியும் கோசலையும். பஸ் சத்தமின்றி, புகையின்றி ஒபர்வில்லியேயிலிருந்து புறப்பட்டது. வாசம்கூட இல்லை என்று இராஜதுரை வியந்தார். லா சப்பலில், மேலே மெத்ரோ ஓடும் இரும்புப் பாலத்துக்குக் கீழே வந்ததும், பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. விளக்குகள் அணைந்தன. அடியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஒழுகியது. பின்னால் வந்த வாகனங்கள் கோன் அடித்தன, கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

சாரதி இறங்கிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். ஜெர்மேன் அம்மையார் தலையை ஒரு பக்கம் சாய்த்து யோசித்தார். பிறகு எழுந்து பயணிகளை நோக்கித் திரும்பி, யாராவது இதைக் கழுவினீர்களா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். இராஜதுரை அதை மொழிபெயர்த்தார். மொழிபெயர்த்ததோடு தீர்ப்பையும் சொன்னார்.

"பழப்புளிதான். வேறை என்ன?"

செயற்குழு தலையாட்டியது. நாங்கள் ஒருவரும் கழுவவில்லையே என்று யாருக்கும் தோன்றவில்லை. புளி என்று கையேட்டிலேயே இருக்கிறது.

கோசலை மட்டும் தலையாட்டவில்லை. அவள் தன் கைகளை விரித்துப் பார்த்தாள். பிறகு மகளின் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"பிள்ளை, நான் அந்த ஒண்டைத்தானே கழுவினன். அண்டைக்கு நீ என்ரை பிழை இல்லை எண்டு சொன்னனி. இப்ப உண்மையைச் சொல்லு. இது என்னாலையோ?"

முன்னிருக்கையிலிருந்து ஜெர்மேன் அம்மையார் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாட்சாயினி தாயின் கையைப் பிடித்தாள், அன்று பிடித்ததைப் போலவே.

"ஓம் அம்மா," என்றாள்.

சொன்னபோது குரல் நடுங்கவில்லை, முகம் மாறவில்லை. இவ்வளவு கால ஆராய்ச்சிக்குப் பிறகு, ஒரு கீறல்கூட விழாத பூச்சை அந்த நிறுவனம் கடைசியில் செய்தே விட்டது.